தோல் அழற்சிக்கு மூலிகை: பூசுவதும் விழுங்குவதும் ஒன்றல்ல

முழங்கையிலும் தலைமுடி ஓரத்திலும் வெள்ளிச் செதில் உதிரும் படை வந்து, மருத்துவரும் அதைச் சோரியாசிஸ் என்று சொல்லிவிட்டால், மருந்துச் சீட்டைக் கடையில் நீட்டுவதற்கு முன்பே ஆலோசனைகள் வந்து சேர்ந்துவிடும். பெரியம்மா பறங்கிப்பட்டைச் சூரணம் என்பார். மாடி வீட்டுக்காரர் சீந்தில் கொடிக் கஷாயம் என்பார். அலுவலகத்தில் ஒருவர் மஞ்சள் கேப்சூல் டப்பாவையே கொண்டுவந்து மேசையில் வைப்பார். எல்லாமே அக்கறையில் சொல்லப்படுபவை. சிலவற்றில் உண்மையான மருந்துக் குணமும் உண்டு. ஆனால் எந்தச் செடி, அதில் வேலை செய்யும் பொருள் எது, எவ்வளவு, பூசுவதா விழுங்குவதா, ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மருந்தோடு ஒத்துப்போகுமா என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் பெரும்பாலும் எழுவதில்லை. நன்மையா கேடா என்பதைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள்தாம். புதிதாக இந்த நோயோடு வாழத் தொடங்கியிருப்பவருக்கும், அவருக்கு யோசனை சொல்ல விரும்புகிற உறவினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தோலில் என்ன நடக்கிறது?

முள் குத்திய இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. உடலின் தற்காப்பு அது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த இடத்தில் திரள்கின்றன, கிருமியைக் கொல்கின்றன, காயம் ஆற உதவுகின்றன, வேலை முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. சோரியாசிஸில் விரட்ட வேண்டிய கிருமியும் இல்லை, ஆற்ற வேண்டிய காயமும் இல்லை. ஆனாலும் அந்த அணுக்கள் திரண்டபடியே இருக்கின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்களால் தோல் அணுக்கள் தறிகெட்டுப் பெருகுகின்றன. சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் ஓர் அணு மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். சோரியாசிஸில் அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் அடுக்கடுக்காகக் குவிவதைத்தான் செதிலாகப் பார்க்கிறோம்.

எக்ஸிமாவின் தொடக்கம் வேறு. நம் வீடுகளில் கரப்பான் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். தோலின் மேற்புறத் தடுப்பு பலவீனமாகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே புகுந்து எதிர்ப்பு அணுக்களைச் சீண்டுகின்றன. அரிக்கிறது, சொரிகிறோம், தோல் மேலும் கிழிகிறது, மேலும் அரிக்கிறது.

இரண்டுமே தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. இரண்டுமே 'கெட்ட ரத்தத்தால்' வருவதும் இல்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. 'ரத்த சுத்தி' என்று எழுதிய பாட்டிலில் இருக்கும் மருந்தையும் கடைசியில் அவைதாம் சுத்தம் செய்தாக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லீரலைப் பற்றி மறுபடியும் பேசப் போகிறோம்.

சோரியாசிஸ் நாள்பட்ட நோய் என்றும், அதை அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை என்றும் உலக சுகாதார மாமன்றம் 2014-இல் நிறைவேற்றிய தீர்மானம் வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டுப்படுத்த முடியும், இன்றைய மருந்துகளால் மிக நன்றாகவே முடியும். ஆகவே 'நிரந்தரத் தீர்வு' என்று எந்த முறைக்காரர் விளம்பரம் செய்தாலும், சித்தமோ ஆயுர்வேதமோ அலோபதியோ, அந்த இடத்திலேயே எச்சரிக்கையாகிவிடுவது நல்லது.

இந்த நோய்களுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. மார்கழியில் சீறும், சித்திரையில் அடங்கும். மன அழுத்தத்தில் கிளம்பும், ஓய்வில் தணியும். நாம் புது மருந்தைத் தேடிப் போவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும். அந்த நேரத்தில் கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதற்குப் பெருமை போய்விடுகிறது. அனுபவத்தைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் உண்மையிலேயே குணமாகத்தான் கண்டார். அந்தக் குணம் மருந்தால் வந்ததா தானாக வந்ததா என்று ஒரே ஓர் உடலை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல்.

சோற்றுக்கற்றாழை இதற்கு நல்ல உதாரணம். 1996-இல் பாகிஸ்தானில் 60 சோரியாசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கற்றாழைக் களிம்பு பூசிய 30 பேரில் 25 பேர் குணமானதாகவும், மருந்தில்லாத வெறும் களிம்பு பூசிய 30 பேரில் 2 பேரே குணமானதாகவும் முடிவு வந்தது. அபாரமான வெற்றி. 2005-இல் டென்மார்க்கில் 41 பேரிடம் ஒரு பக்க உடலில் கற்றாழைக் கூழும் மறுபக்கத்தில் போலிக் கூழும் பூசிப் பார்த்தார்கள். கற்றாழைப் பக்கத்தில் 72.5 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். போலிப் பக்கத்திலோ 82.5 சதவீதம்! கற்றாழைக் கூழ் தோலுக்குக் குளிர்ச்சி தரும், தடவிக்கொள்வதில் தவறில்லை. சோரியாசிஸின் மருந்து என்று அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவதற்கு மட்டும் இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

ஊதாவாக மாறும் எண்ணெய்

தமிழ்நாட்டில் சோரியாசிஸ் என்றதும் சித்த மருத்துவர்கள் முதலில் கையிலெடுப்பது வெட்பாலைத் தைலம். சித்த நூல்களில் இந்த நோயைக் காளாஞ்சகப் படை என்பார்கள். வெட்பாலை மரத்தின் பச்சை இலைகளைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கிறார்கள். இரும்புக் கத்தி படக் கூடாது என்பது வழக்கம். ஓரிரு நாளில் எண்ணெயின் நிறம் திரும்பத் தொடங்கும். சில நாட்களில், பச்சை இலை போட்ட எண்ணெய் என்று நம்ப முடியாதபடி, கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகிவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நாவற்பழச் சாறு போலத் தெரியும். பிறகு வடிகட்டிப் பூசுகிறார்கள்.

அந்த ஊதா நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெட்பாலை இலையில் இண்டிகோ சாயத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. இண்டிகோட்டின் நீலம், இண்டிருபின் சிவப்பு. அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்திலும் இவை இருக்கின்றன. சீன மருத்துவத்தில் இப்படிப்பட்ட சாய இலைகளை நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்து எடுக்கும் நீலப் பொடிக்குச் 'சிங் டாய்' என்று பெயர். சோரியாசிஸுக்குப் பல காலமாகப் பயன்பட்டு வந்த அந்தப் பொடியைத் தைவானின் சாங் குங் மருத்துவமனையில் களிம்பாக்கி முறைப்படி சோதித்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வில் 42 பேர். ஒவ்வொருவருக்கும் உடலின் ஒரு பக்கப் படையில் நீலக் களிம்பு, மறுபக்கப் படையில் நீலமில்லாத களிம்பு. நீலக் களிம்பு பூசிய படைகள் 42 பேரில் 31 பேருக்கு முற்றிலுமாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ மறைந்தன. ஒரே உடலில் இரு பக்கமும் ஒப்பிடப்பட்டதால், 'தானாகவே தணிந்திருக்கும்' என்ற ஐயத்துக்கு இங்கே இடம் குறைவு.

இண்டிருபின் தோல் அணுக்களில் வேதிச் செய்திகளை வாங்கும் புரதமான ஓர் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, கட்டுமீறிப் பெருகும் அணுக்களை ஒழுங்காக முதிரச் செய்கிறது. அமெரிக்காவில் 2022-இல் சோரியாசிஸுக்கு அனுமதி பெற்ற டாபினாரோஃப் என்ற களிம்பும் வேலை செய்வது இதே ஏற்பியின் வழியாகத்தான். நம் ஊர் வெட்பாலைத் தைலத்துக்குத் தைவான் களிம்புக்கு இருப்பதைப் போன்ற வலுவான ஒப்பீட்டுச் சான்று இல்லை. ஆனால் அது வேலை செய்யக்கூடும் என்று நினைக்க வேதியியல் காரணம் இருக்கிறது. இந்தத் தைலம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இன்னும் பெரிய அளவில், பாரபட்சமில்லாமல் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம். நம்மிடம் உள்ள அறிவை மதிப்பது என்றால் அதைச் சோதித்துப் பார்ப்பதும்தான்.

இதே நீலத்தை விழுங்கினால் நடந்தது வேறு. ஜப்பானில் பெருங்குடல் அழற்சி நோயாளிகள் பலர் சிங் டாயை வாயால் உட்கொண்டார்கள். குடல் நோய் பலருக்குத் தணியவும் செய்தது. ஆனால் சிலருக்கு நுரையீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அதே செடி, அதே பொருள். தோலின் மேல் பூசியபோது படையை ஆற்றியது, வயிற்றுக்குள் போனபோது நுரையீரல் வரை சென்று தொல்லை கொடுத்தது. மூலிகை மருந்து பற்றி ஒருவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

செடியிலிருந்து மருந்துச் சீட்டுக்கு

ஆங்கில மருத்துவம் மூலிகைக்கு எதிரி என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. தோல் மருத்துவத்தின் வரலாறு அதற்கு நேர்மாறானது. பிரேசில் நாட்டு அராரோபா மரத்தின் தண்டுக்குள் ஒரு மஞ்சள் தூள் படியும். போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து, படர்தாமரைக்கு மருந்தாகி, 'கோவாப் பொடி' என்ற பெயரில் உலகம் சுற்றியது. 1870-களில் லண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்கொயர் அது சோரியாசிஸிலும் பலனளிப்பதைக் கண்டு எழுதினார். முதல் உலகப் போரில் அந்தப் பொடி கிடைக்காமல் போகவே, 1916-இல் ஜெர்மனியில் அதைப் போன்ற பொருளை ஆய்வகத்தில் தயாரித்தார்கள். டித்ரனால் என்ற அந்தக் களிம்பு தோல் மருத்துவர்களின் கையில் பல பத்தாண்டுகள் இருந்தது.

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசி இன்னொரு கதை. வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய முறை. அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலைப் புற ஊதாக் கதிருக்குக் கூருணர்வுள்ளதாக்குகிறது. எகிப்தில் வேறொரு செடியிலிருந்து எடுத்த அதே வகைப் பொருளை மாத்திரையாகக் கொடுத்து, அளந்த புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் சிகிச்சையை 1974-இல் ஹார்வர்டு மருத்துவர்கள் சோரியாசிஸுக்கு அறிமுகப்படுத்தினார்கள். நல்ல பலன். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அதிக முறை சிகிச்சை எடுத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுதலாக வருவதும் தெரிந்தது. இன்று அதைக் கணக்கு வைத்துத்தான் கொடுக்கிறார்கள். வீட்டில் கார்போக அரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு மதிய வெயிலில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. தீக்காயம் போலத் தோல் கொப்பளித்து மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு.

மருந்துச் சீட்டில் ஏறும் செடிக்கும் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் செடிக்கும் வேறுபாடு இந்த அளவுக் கணக்கில்தான் இருக்கிறது. எவ்வளவு பொருள் உடலுக்குள் போகிறது, எத்தனை நாள், எந்த உறுப்பில் எதைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சளும் மஞ்சள் கேப்சூலும்

விழுங்கும் மூலிகைகளில் மஞ்சளுக்குத்தான் முதலிடம். அதிலுள்ள குர்குமின் அழற்சியைத் தூண்டும் பல பாதைகளைத் தணிப்பதை ஆய்வகத்தில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆய்வகத் தட்டில் உள்ள அணுவின் மேல் குர்குமினை நேரடியாகச் சொட்டுகிறார்கள். நாம் விழுங்கும் குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறுவதே அரிது. ஏறியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

அளவையும் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் கிடைப்பது 90 மில்லிகிராம் அளவு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2008-இல் சோரியாசிஸ் நோயாளிகள் 12 பேருக்கு ஒரு நாளைக்கு 4.5 கிராம் குர்குமின் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் தூளாகச் சாப்பிட்டு அந்த அளவை எட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 150 கிராம் வேண்டும்! அவ்வளவு கொடுத்தும் 12 பேரில் 2 பேருக்கே நல்ல முன்னேற்றம். 2015-இல் இத்தாலியில், உடல் எளிதில் ஏற்கும்படி மாற்றிய குர்குமினை ஸ்டீராய்டு களிம்போடு சேர்த்துக் கொடுத்தபோது, களிம்பு மட்டும் பூசியவர்களைவிடப் பலன் கூடுதலாக இருந்தது. ஆக, சிகிச்சைக்குத் துணையாக ஓரளவு உதவக்கூடும் என்று சொல்லலாம். சிகிச்சைக்கு மாற்று என்று சொல்ல முடியாது.

கேப்சூல்களில் பெரும்பாலும் மிளகுச் சத்தான பைப்பரினையும் சேர்க்கிறார்கள். காரணம் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று அது கண்டது. மிளகு இதை எப்படிச் சாதிக்கிறது? கல்லீரலும் குடலும் அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலையை மெதுவாக்கிச் சாதிக்கிறது. அப்படியானால் நீங்கள் எடுக்கும் வேறு மாத்திரைகளின் வெளியேற்றமும் மெதுவாகலாம், அவற்றின் அளவு ரத்தத்தில் ஏறலாம்.

குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய கேப்சூல் வேறு. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு, மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். கேப்சூல் எடுக்கும் பெருங்கூட்டத்தோடு பார்த்தால் இது மிகச் சிலருக்கு நேர்வதுதான். ஆனால் சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுப்பவரின் கல்லீரல் ஏற்கெனவே சுமையில் இருக்கிறது. அவருக்கு இந்தச் 'சிலருக்கு' என்ற சொல் ஆறுதல் தராது.

மேலை நாட்டிலும் இதே கதைதான். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க் கேப்சூலை எக்ஸிமாவுக்கு மருந்தாகவே பிரிட்டனில் எழுதிக் கொடுத்தார்கள். பலன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று 2002-இல் அதன் மருந்து உரிமம் திரும்பப் பெறப்பட்டது. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, அதையும் போரேஜ் என்ற செடியின் எண்ணெயையும் பற்றிய 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எக்ஸிமாவுக்குப் பயனில்லை என்றே முடித்தது. அந்தக் கேப்சூல் இன்றும் நம் ஊர் இணையக் கடைகளில் 'சருமத்துக்கு' என்று விற்கப்படுகிறது.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டுமா?

எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இது. 'உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால்தான் தோல் நோய்' என்று சொல்லிக் கொடுக்கப்படும் பொருள்கள் ஏராளம். சோரியாசிஸில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. தேவையில்லாத இடத்தில் மிகையாக வேலை செய்கிறது. மருத்துவர் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அதைத் தணிப்பதற்கே. காலையில் அதைத் தணிக்கும் மாத்திரையும் இரவில் அதைக் கிளப்பும் கஷாயமும் எடுத்தால் உடல் என்ன செய்யும்?

கோவிட் காலத்தில் சீந்தில் கொடிச் சாறும் மாத்திரையும் வீட்டுக்கு வீடு புகுந்தன. 2020-இல் மும்பையில் சீந்தில் எடுத்தவர்கள் சிலர் மஞ்சள் காமாலையோடு வந்ததைக் கல்லீரல் மருத்துவர்கள் கவனித்தார்கள். பிறகு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரங்கள் 2022-இல் வெளியாயின. உடலின் எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கும் வகையை ஒத்திருந்தது பாதிப்பு. எதிர்ப்புக் கோளாறு நோய்கள் ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்களில் கணிசம். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலத் தோன்றும் வேறு இனக் கொடியோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்றது. சரி, அதையே எடுத்துக்கொண்டாலும், கடையில் வாங்கும் சாறில் எந்தக் கொடி இருக்கிறது என்று வாங்குபவர் எப்படி அறிவார்? சோரியாசிஸ், லூபஸ் போன்று எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் நோயுள்ளவர்கள் தாங்களாக சீந்தில் எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எக்கினேசியா என்ற மேலை நாட்டு மூலிகையும் சுருள்பாசியும் (ஸ்பைருலினா) இதே பட்டியலில் வரும். இவற்றை எடுத்த பிறகு லூபஸ், தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைட்டிஸ் போன்ற நோய்கள் சீறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

களிம்புக்குள் ஒளிந்திருப்பது

மூன்றே நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். லண்டனில் எக்ஸிமாவுக்கு விற்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைத் தோல் மருத்துவர்கள் பரிசோதித்து 1999-இல் எழுதினார்கள். அவற்றில் 8-இல் டெக்ஸாமெதசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது. 'ஸ்டீராய்டு இல்லாத இயற்கைக் களிம்பு' என்று நம்பித் தாய்மார்கள் அதைக் குழந்தைகளின் முகத்தில் பூசியிருந்தார்கள். ஸ்டீராய்டு களிம்பு கெட்டதல்ல. எந்த வீரியம், எந்த இடத்தில், எத்தனை நாள் என்று தெரிந்து பூசினால் நல்ல மருந்து. தெரியாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், நிறுத்தியதும் படை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். பொட்டலத்தில் வரும் பெயரில்லாத பொடியில் ஸ்டீராய்டு மாத்திரை அரைத்துக் கலந்திருந்தால் இன்னும் ஆபத்து. அதைத் திடீரென நிறுத்தும்போது சாதாரண சோரியாசிஸ் உடம்பெங்கும் சீழ்க்கொப்புளமாக மாறிவிடலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

உலோகம் அடுத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களை 2004-இல் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. சித்த மருத்துவத்தில் பற்பமும் செந்தூரமும் உலோகங்களையும் பாஷாணங்களையும் சுத்தி செய்து, புடமிட்டுச் செய்யப்படுபவை. படித்த சித்த மருத்துவர் இவற்றை அரிசி எடை, குன்றிமணி எடை பார்த்து, நாள் குறித்து, பத்தியத்தோடு கொடுப்பார். அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் கூரியரில் வரும் டப்பாவை அதே மரபின் பெயரால் நம்புவது மரபுக்கே செய்யும் அநீதி. சேராங்கொட்டையும் அப்படித்தான். தோல் நோய்களுக்கு அதைச் சுத்தி செய்து நெய்யாகக் கொடுப்பது வழக்கம். சுத்தி செய்யாத கொட்டையின் பால் தோலில் பட்டாலே கொப்பளிக்கும்.

வாங்குவதற்கு முன், பூசுவதற்கு முன்

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தைக் குறிக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்துகளும் 14 இலக்க எண்ணும் இருந்தால் சட்டப்படி அது உணவுப் பொருள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் ஆங்கிலத்தில் அதிலேயே அச்சாகியிருக்கும். முன்பக்கம் சோரியாசிஸைக் குணமாக்கும் என்று சொன்னால் அந்த நிறுவனம் விதியை மீறுகிறது. சித்த, ஆயுர்வேத மருந்தானால் மருந்து உற்பத்தி உரிம எண், சேர்மானங்களின் பட்டியல், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். நச்சுத்தன்மையுள்ள சேர்மானங்கள் கொண்ட உள்மருந்து என்றால் மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட வேண்டும். எதுவுமே இல்லாத, கையால் பெயர் எழுதிய பொட்டலத்தை வாங்காதீர்கள். சித்த மருத்துவத்தை விரும்புபவர்கள் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடமே போகலாம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தோல் நோய்களுக்கும் சிகிச்சை தருகிறார்கள்.

மேலே பூசுவது எதுவானாலும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலை மாலை ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் விட்டுவிடுங்கள். செடிகளாலேயே ஒவ்வாமை வருபவர்கள் எக்ஸிமாக்காரர்களில் குறைவில்லை. வெடித்து நீர் கசியும் தோலில் எதையும் சோதிக்காதீர்கள்.

குழந்தைகளின் கரப்பானுக்குக் கலப்படமில்லாத தேங்காய் எண்ணெய் நல்ல துணை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மினரல் எண்ணெயைவிடச் செக்கில் ஆட்டியதைப் போன்ற சூடேற்றாத தேங்காய் எண்ணெய் தெளிவாக நல்ல பலன் தந்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்துகிறது என்பதால் அதை விட்டுவிடலாம். பயற்றமாவு, நலங்குமாவு தேய்த்து உரசிக் குளிப்பாட்டுவது கரப்பான் உள்ள தோலுக்கு ஆகாது. வேப்பெண்ணெயை மட்டும் கைக்குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள். மலேசியாவில் 1980-களின் தொடக்கத்தில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்ததும், சிலர் பிழைக்காமல் போனதும் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன.

மூலிகை எடுப்பதைத் தோல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. சொல்லாமல் விடுவதால் வரும் கேட்டோடு பார்த்தால் திட்டு ஒன்றுமில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை எடுப்பவர் மனச்சோர்வுக்கு என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையையும் எடுத்தால், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு சரிந்துவிடும். சூரிச்சில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவரின் உடல் இதனால் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதை 2000-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சோரியாசிஸுக்கும் கடுமையான எக்ஸிமாவுக்கும் கொடுப்பது அதே சைக்ளோஸ்போரின்தான். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும், பாலூட்டுபவர்களும் உள்ளுக்கு எந்த மூலிகையையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

காலையில் எழும்போது விரல் மூட்டுகளும் இடுப்பும் இறுகி அரை மணி நேரத்துக்கு மேல் வலித்தால், சோரியாசிஸ் மூட்டுகளுக்குப் போகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மூலிகையைச் சோதித்துக்கொண்டு இழக்கும் மாதங்களில் சிதையும் மூட்டு திரும்பச் சரியாவதில்லை. உள்ளுக்கு மூலிகை எடுத்துக்கொண்டிருக்கும்போது பசி மந்தம், குமட்டல், தேநீர் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும், மீதமிருக்கும் மருந்தையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.